எதிர்க் கப்பல்காரன் சொன்ன சாட்சி

விசாரணை அறையின் நடுமேசையில் இரண்டு மரக் கப்பல்கள் இருந்தன. ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம், மற்றதற்குச் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கறுப்புக் கப்பலின் கொடிமரம் எப்போதோ ஒடிந்து, கோந்து போட்டு ஒட்டப்பட்டிருந்தது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் முதலில் சத்தியம் செய்தார்கள். பிறகு மேசையருகே வந்து கப்பல்களை விரலால் நகர்த்தி, நடந்தது இப்படித்தான் என்று காட்டினார்கள்.

கறுப்புக் கப்பல்காரர்கள் நகர்த்தியபோது கறுப்புக் கப்பல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. சிவப்புக் கப்பல்தான் குடிகாரன் மாதிரி வளைந்து வந்தது. சிவப்புக் கப்பல்காரர்கள் நகர்த்தியபோது சிவப்பு, தவத்தில் இருக்கிற முனிவர் மாதிரி அசையாமல் நின்றது. கறுப்பு அதன்மேல் வந்து விழப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். கடைசி விரற்கடையில் எந்தச் சாட்சிக்கும் கை வரவில்லை. இடைவெளி விட்டு நிறுத்திவிட்டு, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இதுவரைக்கும் வந்த ஒன்பது சாட்சியையும் நம்பினா, ரெண்டு கப்பலும் ஒண்ணையொண்ணு பாத்து வணக்கம் சொல்லிட்டுப் போயிருக்கணும். அப்ப மோதினது யாரு? மூணாவதா ஒண்ணு வந்துச்சா?"

அறை சிரித்தது. பின்வரிசை பெஞ்சில் இருந்த தையல்காரி சிரிக்கவில்லை. அந்த மோதலில் செத்தது ஒரே ஒரு ஆள். அவள் புருஷன்.

நடந்ததில் யாருக்கும் தகராறு இல்லாத பங்கு இவ்வளவு. காலை ஆறே முக்கால் மணி. துறைமுகம் இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருந்தது. கடல்மேல் மூடுபனி, பாலைக் கவிழ்த்த மாதிரி. இரண்டு கப்பலும் வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் சங்கு ஊதிக்கொண்டு ஊர்ந்தன. பனியில் சங்குச் சத்தம் எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று மனுஷக் காதால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கப்பலின் மூக்கில் கூர்மையான கண்ணுள்ள ஆள் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் பக்கத்தில் ஒரு வெண்கல மணி. வலப்பக்கம் ஏதாவது தெரிந்தால் ஒரு அடி, இடப்பக்கம் என்றால் இரண்டு, நேர் எதிரே என்றால் மூன்று. கறுப்புக் கப்பலின் மூக்கில் இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் நின்றவரை எல்லாரும் மணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் தையல்காரியின் கூடப்பிறந்த அண்ணன்.

அவள் புருஷன் அதே கப்பலின் தச்சர். துறைமுகம் நெருங்கும்போது நங்கூர எந்திரத்தைத் தயார் செய்வது கப்பல் தச்சருடைய வேலை. அன்று காலை மச்சானும் மாப்பிள்ளையும் மூக்கில்தான் இருந்தார்கள். எந்திரத்துக்குப் பூசுகிற கொழுப்பு எடுக்கத் தச்சர் ஏணி வழியாகக் கீழறைக்கு இறங்கினார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. சிவப்புக் கப்பலின் மூக்கு கறுப்பின் மூக்கைப் பிளந்து உள்ளே புகுந்தது. கீழறை அப்பளமாக நொறுங்கியது. மணிக்காரர் தூக்கியெறியப்பட்டு, தோள் எலும்பு முறிந்து, சுயநினைவில்லாமல் கிடந்தார். தச்சரின் உடம்பை இரண்டாம் நாள் கடலில் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு நினைவு திரும்பிய அன்று தையல்காரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணே, மணி அடிச்சியா?"

மணி அடித்திருந்தால், ஏணியேறி வெளியே ஓடத் தச்சருக்கு முக்கால் நிமிஷம் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கறுப்புக் கப்பலில் ஏழு பேர் மணியைக் காதால் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முகட்டைப் பார்த்தபடியே கிடந்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள். மூன்று மாதமாயிற்று.

பேச்சு நின்றதே ஒழிய, இருப்பது ஒரே வீட்டில்தான். இரண்டு அறை. முன்னறையில் அவளுடைய தையல் எந்திரம். கப்பல்காரர்களின் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஆண்கள் இரண்டு பேரும் கடலில் இருந்த காலத்தில் நாத்தனாரும் அண்ணியுமாகக் கழித்த வீடு அது. இப்போது மணிக்காரர் கட்டுப்போட்ட தோளோடு பகலெல்லாம் வீட்டில் இருந்தார். கடலில் அவ்வளவு அகலமாக நின்ற மனுஷன், வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது இடைஞ்சலாக இருந்தார்.

"அண்ணி, அவர் தட்டுல சோறு தீந்துபோச்சு. வேணுமான்னு கேளுங்க" என்பாள் தையல்காரி. அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பார்.

"வேணாம்னு சொல்லு" என்பார் அவர்.

"நான் என்ன தபால்காரியா?" என்று அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் போடுவாள். "அவ சொல்றது உங்களுக்குக் கேக்குது, நீங்க சொல்றது அவளுக்குக் கேக்குது. நடுவுல எனக்குத்தான் தொண்டை வத்துது. செத்தவரு மகராசன், சாப்பிடறப்ப எல்லாரையும் சிரிக்க வச்சாரு. இருக்கிற நீங்க ரெண்டு பேரும் என் சோத்தைக் கல்லாக்குறீங்க."

மணிக்காரர் சாட்சி சொல்ல வேண்டியது நாலாம் நாள். முந்தின நாள் சாயங்காலம் கறுப்புக் கப்பல் கம்பெனியின் வக்கீல் வீட்டுக்கே வந்தார். சின்ன வயசு, ஒல்லி உடம்பு, ஒரு இடத்தில் கால் தரிக்காத ஆள். உட்காரச் சொன்ன நாற்காலியில் தைத்த சட்டைகள் இருந்ததால் நின்றுகொண்டே பேசினார்.

"பெரியவரே, உங்ககிட்ட நான் பொய் சொல்லச் சொல்லல. நல்லாப் புரிஞ்சுக்குங்க. ஏழு பேர் மணியைக் கேட்டிருக்காங்க. சமையல்காரர் கேட்டிருக்காரு. கேப்டன் கேட்டிருக்காரு. அடிச்ச நீங்க மட்டும் கேக்கலையா?"

"ஏழு பேரும் நம்ம கப்பல்காரங்க சார்."

"அதனால?"

"நம்ம கப்பல்காரன் நம்ம கப்பலை விட்டுக்குடுப்பானா? இதே மாதிரி ஒரு விசாரணைல நானும் சொல்லியிருக்கேன், பத்து வருஷம் முன்னாடி. பாக்காத விளக்கைப் பாத்தேன்னு. அது பொய்னே எனக்கு அப்பத் தோணல. கப்பலுக்காகச் சொன்னேன். பெத்த தாய்க்குச் சொல்ற மாதிரி."

"சரி, இப்பவும் கப்பலுக்காகச் சொல்லுங்க."

தையல் எந்திரத்தின் சத்தம் நின்றது. தையல்காரி தலை நிமிரவில்லை. ஊசிக்கு அடியில் துணி பாதியில் இருந்தது.

மணிக்காரர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடிச்சேன்னு சொன்னா, மாப்பிள்ளை மணியைக் கேட்டும் வெளிய வராம இருந்தார்னு ஆகும். அடிக்கலன்னு சொன்னா, நான் கொன்னதா ஆகும். இதுல எது வேணும்னு கேட்டா, நான் ரெண்டாவதையே எடுத்துக்குவேன் சார். ஆனா அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்றது?"

"தெரியாதுன்னு சொன்னா உங்க கப்பல்வேலைப் புத்தகத்தை வாங்கி வச்சுக்குவாங்க. அப்புறம் படகு துடுப்புகூடத் தொட முடியாது."

"தெரியும் சார்."

வக்கீல் அண்ணியைப் பார்த்தார், தையல்காரியின் முதுகைப் பார்த்தார், எந்தப் பக்கமும் கரை தெரியாமல் கிளம்பிப் போனார். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எந்திரம் மறுபடி ஓடியது. அன்றைக்குத் தைத்த கழுத்துப்பட்டிகள் நாலையும் அவள் மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் அறை நிரம்பியிருந்தது. நீதிபதிக்குக் கடல் தெரியாது என்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் ஓய்வுபெற்ற கேப்டன்கள் ஆளுக்கொருவர் உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கத்தவர் குறிப்பு எழுதினார். இடப்பக்கத்தவர் முதல் நாளிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிவப்புக் கப்பல்காரர்கள் வேற்றுமொழிக்காரர்கள். அவர்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இருமல்காரர். மொழிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்வதை அவர் முன்வரிசையில் இருந்த சிவப்புக் கப்பல்காரர்களின் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார்.

மணிக்காரர் நல்ல கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்.

"எவ்வளவு தூரத்துல அந்தக் கப்பலைப் பாத்தீங்க?" என்று கறுப்புக் கப்பல் வக்கீல் ஆரம்பித்தார்.

"தூரம்னு சொல்ல முடியலங்க. முதல்ல அது கப்பல்னே தெரியல. பனியில ஒரு இடம் மட்டும் கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு. துணியில கறை படியிற மாதிரி. அப்புறம் அந்தக் கறைக்கு ஓரம் வந்துச்சு. அப்புறம் உயரம் வந்துச்சு. அந்த உயரம் நிக்கவே இல்லைங்க. நான் அண்ணாந்துக்கிட்டே இருக்கேன், அது வந்துக்கிட்டே இருக்கு."

மொழிக்காரரின் கிசுகிசுப்பு மட்டும் கேட்டது.

"சத்தமே இல்லைங்க. அவ்வளவு பெரிய பொருள் ஒண்ணு சத்தமில்லாம வரும்னு இத்தனை வருஷம் கடல்ல இருந்தும் எனக்குத் தெரியாது. தண்ணியை மடிச்சு மடிச்சு ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டு வந்துச்சு. நங்கூரத் துளையிலேர்ந்து துரு ஒழுகி, ரெண்டு கோடு. அழுத முகத்துல இருக்குமே, அது மாதிரி. அதுக்கு மேல, உச்சியில, ஒரே ஒரு ஆள். என்னை மாதிரியே நின்னுக்கிட்டு. இத்தனூண்டு."

"உடனே மணி அடிச்சீங்க."

"தெரியலங்க."

கறுப்புக் கப்பல் வக்கீல் கையிலிருந்த தாளைத் திருப்பிப் போட்டார். எதிர்க் கப்பல் வக்கீல், கனத்த உடம்புக்காரர், மெதுவாக எழுந்தார். முதல் நாள், "கீழே தூங்கிக்கொண்டிருந்த தச்சர்" என்று போகிற போக்கில் சொன்னவர் அவர்தான். அன்று தையல்காரி எழுந்து நின்றுவிட்டாள். சேவகர் வந்து உட்காரவைத்தார்.

"பயந்துட்டீங்களா?" என்றார் அந்த வக்கீல், கனிவாக.

"இல்லைங்க. பயந்திருந்தா ஓடியிருப்பேன். பயம் வரல. பாத்துக்கிட்டே இருக்கணும்னு இருந்துச்சு. நான்னு ஒருத்தன் அங்க நிக்கிறதே எனக்கு மறந்துபோச்சு. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. கை எங்க இருந்துச்சு, மணி எங்க இருந்துச்சு, ஒண்ணும் இல்ல."

"ஆக, மணி அடிக்கல."

"அடிச்ச ஞாபகம் இல்லைங்க."

"கேட்டோம்னு சொன்ன ஏழு பேரும் பொய் சொல்றாங்களா?"

"அவங்க ரொம்ப நல்ல மனுஷங்கங்க" என்றார் மணிக்காரர்.

எதிர் வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி மேசையைக் காட்டினார். மணிக்காரர் வந்து நின்றார். கறுப்புக் கப்பலை இடக்கையால் தொட்டார், சிவப்புக் கப்பலை நல்ல கையால். இரண்டையும் எதிரெதிரே நகர்த்தினார். எல்லாரும் நிறுத்திய இடம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. மரத்தில் மரம் பட்டு 'டக்' என்றது. கோந்து போட்டு ஒட்டிய கொடிமரம் விழுந்து மேசைமேல் உருண்டது.

கண்மூடியிருந்த வயதான கேப்டன் கண் திறந்தார்.

மூன்று மாதமாகத் தையல்காரி அந்தச் சத்தத்தை மனசுக்குள் பெரிது பெரிதாகக் கேட்டுவந்தாள். அது இவ்வளவு சின்னதாகவும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுப் படியேறும்போது அண்ணி, "போச்சு. இனிமே வீட்லயேதான் கெடப்பீங்க. எனக்குத் துணையாச்சு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் சாட்சி, சிவப்புக் கப்பலின் மூக்கில் நின்ற ஆள். மணிக்காரர் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனார். "அந்த ஆளைக் கிட்டத்துல ஒரு தடவை பாக்கணும்" என்றார் அண்ணியிடம். அது தனக்கும் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டு தையல்காரியும் கிளம்பினாள்.

கிட்டத்தில் அந்த ஆள் 'இத்தனூண்டு' இல்லை. நல்ல உயரம். நரைத்த தாடி. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாட்சிக் கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டார். கனத்த வக்கீல் இரண்டே கேள்வியில் முடித்துவிடுகிற நிதானத்தோடு எழுந்தார்.

"கறுப்புக் கப்பல் தெரிவதற்கு முன்னால் மணிச்சத்தம் ஏதாவது கேட்டதா?"

மொழிக்காரர் இருமிவிட்டுக் கேள்வியை மாற்றிச் சொன்னார். சாட்சி பதில் சொன்னார். சின்னப் பதில் இல்லை. நிறுத்தாமல் பேசினார். மொழிக்காரர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். அவர் முகம் மாறியிருந்தது.

"நீதிபதி அவர்களே, இவர் சொல்றதை அப்படியே சொல்றேன். 'கேட்டது. மூன்று அடி. அதைக் கேட்டுத்தான் நான் தலையைத் தூக்கினேன். அதற்கு முன்னால் நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் தேநீர்ப் போத்தலின் மூடி உருண்டு போய்விட்டது. குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். பனியில் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தேன்.'"

கனத்த வக்கீல், "சாட்சிக்குக் கேள்வி புரியல" என்றார்.

"புரிஞ்சுது" என்றார் நீதிபதி. "இதை முன்னாடி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துல ஏன் சொல்லல? கேளுங்க."

மொழிக்காரர் கேட்டார். உயரமான ஆள் பதில் சொல்வதற்கு முன்னால் பின்வரிசையில் மணிக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"'என் கப்பல்காரர்களுக்காகச் சொல்லாமல் விட்டேன். நேற்று அந்த மனிதர் பேசியதை இவர் என் காதில் சொன்னார். மணி அடித்தது அவருக்கே தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால், அடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டே அவர் சாவார். என்னால் அதைச் சுமக்க முடியாது.'"

கறுப்புக் கப்பலின் ஏழு பேரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். சத்தியம் செய்து உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பாத ஏழு பேர். சமையல்காரர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்து, "நான் சொன்னேன்ல" என்றார், மூச்சை மட்டும் விட்டு.

கறுப்புக் கப்பல் வக்கீல் எழுந்தபோது அவர் கால்கூட அன்றைக்கு ஒரு இடத்தில் நின்றது. "அவர் அடிச்சதைக் கண்ணால பாத்தீங்களா?"

"'பார்த்தேன். முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கை மட்டும் தனியாகப் போய் மூன்று தடவை கயிற்றை இழுத்துவிட்டு வந்தது. கைக்கு அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.'"

மணிக்காரர் தம் வலக்கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். காய்ப்பேறிய அந்தக் கையை, யாரோ பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்திருக்கிறார், எங்கே உட்காரவைப்பது என்று தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் தாழ்ப்பாளைப் போட்டோமா என்று தெருவில் போய் யோசிக்கிறோம், திரும்பி வந்து பார்த்தால் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரே கயிற்றைப் பிடித்த கைக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

"வேற யாரையாவது பாத்தீங்களா?" என்றார் நீதிபதி.

தையல்காரி தன்னையறியாமல் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்தாள்.

"'பார்த்தேன். மணிக்கு அப்புறம் தரையிலிருந்து ஒரு ஆள் முளைத்தார். ஏணித் துளையிலிருந்து என்று நினைக்கிறேன். பின்பக்கம் ஓடுவார் என்று நினைத்தேன். வழி இருந்தது. நேரமும் இருந்தது. அவர் முன்பக்கம் ஓடிவந்தார். சுத்தியலை எடுத்து நங்கூரச் சங்கிலியின் பூட்டை அடித்தார். ஒரு அடியில் கழலவில்லை. இரண்டாவது அடியில் கழன்றது. பிறகு எந்திரத்தின் சக்கரத்தைத் திருப்பினார். நங்கூரம் விழுந்தது. மணிக்கு அப்புறம் நான் கேட்ட சத்தம் அந்தச் சங்கிலி ஓடியதுதான்.'"

கடலடியில் கறுப்புக் கப்பலின் நங்கூரம் விழுந்து கிடந்ததும், சங்கிலி நீளமாக ஓடியிருந்ததும் விசாரணையில் ஏற்கெனவே வந்த விஷயம். நான் உத்தரவு போடவில்லை என்று கேப்டன் சொல்லியிருந்தார். மோதின அதிர்ச்சியில் தானாக விழுந்திருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இடப்பக்கத்து வயதான கேப்டன் ஐந்து நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது. "எந்தப் பக்கத்து நங்கூரம்?"

சாட்சி கையைக் காட்டினார். வயதானவர் எழுந்து வந்து, கொடிமரம் போன கறுப்புக் கப்பலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அடி மூக்குல விழுந்துச்சு. விலகத் திரும்பின கப்பலை நங்கூரம் புடிச்சு இழுத்திருக்கலன்னா அது இன்னும் ஒரு இருபது அடி முன்னால வந்திருக்கும். இருபது அடி போதும். அந்த அடி கப்பலோட நடு வயித்துல விழுந்திருக்கும்." கப்பலைத் திரும்ப மேசையில் வைத்தார். "வயித்துல எத்தனை பேரு இருந்தாங்க?"

"முப்பத்தோரு பேருங்க" என்றார் கறுப்புக் கப்பலின் கேப்டன், எழுந்து நின்று. அவர் மறுபடி உட்கார மறந்துவிட்டார்.

நீதிபதி எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். மதியத்துக்கு மேல் கூடலாம் என்று அறிவித்தார்.

தாழ்வாரத்தில் தேநீர் விற்கிறவர் பாத்திரத்தோடு நின்றார். சிவப்புக் கப்பல்காரர்கள் ஒரு மூலையில் கூடி நின்றார்கள். உயரமான ஆள் அவர்களிடமிருந்து பத்தடி தள்ளித் தனியாக நின்றார். அந்தப் பத்தடியை யாரும் தாண்டி வரவில்லை. அண்ணி பார்த்தாள். ஒரு தம்ளர் தேநீரை வாங்கினாள், நேரே போய் அவர் கையில் வைத்தாள்.

"குடிங்க. மூடி உருண்டா நாங்க தேடித் தர்றோம்" என்றாள். மொழிக்காரருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த ஆளும் தாடிக்குள் சிரித்தார், கண் கலங்கியபடியே.

மணிக்காரர் போய் அவர் எதிரில் நின்றார். அவ்வளவு கிட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உயரமான ஆள் மொழிக்காரரிடம் ஏதோ கேட்டார்.

"அவரோட கப்பல் வரும்போது எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரு. பதினாலு வருஷமா அதுல இருக்காராம். எதிர்ல நின்னு அது வர்றதை ஒரு நாளும் பாத்ததில்லையாம். நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்களாம்."

மணிக்காரர் நல்ல கையை அகலமாக விரித்தார். போதவில்லை. உயரத் தூக்கினார். அதுவும் போதவில்லை. "சொல்லுங்க. கண்ணுக்கு அடங்கலன்னு சொல்லுங்க."

"உங்க கப்பலும் அப்படித்தானாம்" என்றார் மொழிக்காரர்.

தையல்காரி தூணோரம் நின்றாள். ஓடியிருக்கலாமே என்றது மனசின் ஒரு பாதி. வழியும் இருந்தது, நேரமும் இருந்தது என்று சொன்னாரே, இரண்டும் இருந்து ஏன் ஓடவில்லை? முப்பத்தோரு பேருக்கும் வீடு இருக்கிறதே என்றது மறுபாதி. இரண்டு பாதியும் ஒட்டவில்லை. அவள் தூணை விட்டு வந்தாள்.

"அண்ணே" என்றாள். மணிக்காரர் சட்டென்று திரும்பினார். "சங்கிலி ஓடினதுக்கு அப்புறம் அவரு என்ன பண்ணாருன்னு கேக்கச் சொல்லு."

அண்ணி, தபால் வேலையைப் பழக்கத்தில் தானே செய்யப் போனவள், உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். மணிக்காரரே மொழிக்காரரிடம் கேட்டார், மொழிக்காரர் அந்த ஆளிடம் கேட்டார்.

உயரமான ஆள் தம்ளரைச் சுவர்மேல் வைத்தார். தையல்காரியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். வார்த்தை தேடினார். கிடைக்காமல் போகவே, உடம்பால் செய்து காட்டத் தொடங்கினார். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். வீசவில்லை, வைத்தார். நிமிர்ந்து நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினார். தலையை மெல்ல உயர்த்தி, தாழ்வாரத்தின் கூரையையும் தாண்டி எதையோ அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு கண்ணைச் சுருக்கி மூடி, கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார்.

"பயந்த மாதிரி இல்லையாம்" என்றார் மொழிக்காரர். "இப்படி நின்னுக்கிட்டு இருந்தாராம். கண்ணை ஏன் மூடினார்னு இவருக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலையாம்."

தையல்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அண்ணி ஓடிவந்தாள். அழுகையோடு சிரிப்பும் இருந்தது.

"அண்ணே, பாத்தியா? நெளிவு பாக்குறாருண்ணே. எந்தப் பலகையை எடுத்தாலும் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நெளிவு பாப்பாரே, அதேதான். நம்ம அப்பா வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே கதவைத்தான் முதல்ல அப்படிப் பாத்தாரு. அவ்வளவு பெரிய கப்பல் தலைமேல வந்துக்கிட்டிருக்கு. கட்டினவன் நேராக் கட்டியிருக்கானான்னு பாத்துக்கிட்டு நின்னிருக்காரு மனுஷன்."

மணிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னதை வேற்றுமொழியில் எப்படிச் சொல்வது என்று மொழிக்காரர் தடுமாறிக்கொண்டிருந்தார். அதுவரை, நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல், உயரமான ஆள் ஒரு கண்ணை மூடியபடி அண்ணாந்தே நின்றார்.